பூச்செண்டும் இரண்டு குப்பிகளும்

முதியோர் இல்லத்துக்கு ‘மருந்துப் பாதுகாப்பில் முதலிடம்’ என்று கேடயம் கிடைத்த நாளில், மருந்து ஃபிரிட்ஜுக்குள் மருந்து இல்லை. கேடயம் தர வரும் பெரிய மனிதருக்கு வண்டிச் சக்கரம் அளவில் ஒரு பூச்செண்டு வாங்கியிருந்தார்கள். அது வாடக்கூடாதாம். ‘மருந்து மட்டும்’ என்று சிவப்பில் எழுதி ஒட்டிய கதவை மேனேஜரே திறந்து, தபால்காரத் தாத்தாவின் இரண்டு இன்சுலின் குப்பிகளையும் எடுத்து ஜன்னலோரம் வைத்தார்.

“வெயில் படும் சார்,” என்றாள் நர்ஸ்.

“பத்து நிமிஷந்தான் சிஸ்டர். பூ வாடினா மானம் போயிடும். மருந்தா வாடப்போகுது?”

பெரிய மனிதர் வரவே இரண்டு மணி நேரம் தாமதம். வந்தவர், மருந்தைக் குளிரில் வைப்பதன் அவசியம் பற்றி இன்னும் இரண்டு மணி நேரம் பேசினார். கதவோரம் நின்று நர்ஸும் கைதட்டினாள்.

கூட்டம் கலைந்தபின் குப்பிகளைத் தொட்டுப் பார்த்தாள். டீ டம்ளர் மாதிரி சுட்டது. ‘வெயில் பட்டது, போடக்கூடாது’ என்று சீட்டு ஒட்டித் தனியே எடுத்து வைக்க வேண்டும், ரிப்போர்ட் எழுத வேண்டும். கேடயம் வாங்கிய கையோடு யார் எழுதுவது? பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது மருந்து. பழைய இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அதையே ஊசியில் ஏற்றிப் போட்டாள். மறுநாளிலிருந்து தாத்தாவுக்குச் சர்க்கரை ஏறியது.

“உண்மையச் சொல்லுங்க தாத்தா. யாரு ஸ்வீட் குடுத்தா?”

“சத்தியமா இல்லம்மா. முப்பது வருஷம் ஊரார் பார்சலச் சுமந்தவன் நான். ஒண்ணயாவது பிரிச்சிருப்பனா?”

“அப்ப சர்க்கரை வானத்துலேர்ந்தா குதிச்சுது?”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு வசதியாக இருந்தது. தலையணை உறையைக்கூட உதறிப் பார்த்தாள். ஜன்னலோரம் நினைவுக்கு வராமலில்லை. வந்தபோதெல்லாம் குரலை உயர்த்திக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் தாத்தா நினைவில்லாமல் கிடந்தார். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் அவள் செய்த முதல் வேலை, குப்பிகளைக் கழிவுப் பெட்டியில் போட்டதுதான். காரணம் கேட்ட டாக்டருக்கு ‘இனிப்பு சாப்பிட்டிருக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்துப் பாதி உடம்பாகத் திரும்பினார் தாத்தா.

“வயசானவங்க நாக்கு சிஸ்டர், கட்டவே முடியாது,” என்றார் மேனேஜர், கேடயத்தைத் துடைத்தபடி.

புதுக் குப்பியில் பெயரும் தேதியும் எழுதி எடுத்துப்போனாள். தாத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நெனச்சு நெனச்சுப் பாத்தேம்மா, ஞாபகம் வரல. இத்தன பேரு சொல்றீங்களே, நான்தான் எதையோ தின்னிருப்பேன். மன்னிச்சுக்கோ.”

அவள் கையை விடுவித்துக்கொண்டு ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

“பரவால்ல தாத்தா. இனிமே பாத்து இருங்க.”

அவர் நிம்மதியாகக் கையை நீட்டினார். அன்றிலிருந்து அந்த ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு மட்டும் பூவாசனை அடித்தது.