பஞ்சு மூட்டைக்கு அடுத்தது

முதலில் துப்பாக்கி லிவரின் சத்தம் கேட்டது. கீழே தள்ளும்போது ஒரு கரகரப்பு, மேலே இழுக்கும்போது ஒரு கொட்டு. அதற்கப்புறம்தான் வெடி. 1964 மாசி மாதம், ஏற்காட்டில், வீட்டுக்குப் பின்னால் வேலிக்கு அந்தப் பக்கம். பதினோரு வயது அமலோற்பவம் அடுப்படியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். அந்தக் கொட்டுக்கும் வெடிக்கும் நடுவிலிருந்த இடைவெளியை அவள் ஐம்பது வருஷம் காதில் வைத்திருந்தாள்.

ஒருமுறை நிரப்பினால் ஐந்தாறு தோட்டாக்களை அடுத்தடுத்துச் சுடும் பழைய வேட்டைத் துப்பாக்கிகள், தாங்கள் சுட்டதையெல்லாம் திருப்பித் தரக்கூடியவை. துருவை எடுத்துச் சுத்தம் செய்து, வெற்றுத் தோட்டாவை நிரப்பி இழுத்தால், கடைசியாகச் சுட்டது முதலில் வரும். அதற்கு முந்தியது அடுத்து வரும். வரிசை மாறாது. ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலும் இந்த வேலைக்கு உதவாது, மடக்கித் திறந்த மாத்திரத்தில் மறந்துவிடும். நிபந்தனை ஒன்றுதான். உள்ளே எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. புதுப் பாகத்துக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஒரு திருகாணியைப் புதிதாகப் போட்டவர்கள் எல்லோரும் சுவரில் மாட்டும் பொம்மையோடு நின்றுபோனார்கள்.

அமலோற்பவம் பாலிடெக்னிக்கில் லேத் பிரிவில் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அவள் கையில் எந்தத் திருகாணியும் தலை நசுங்கியதில்லை. பின்புறக் கொட்டகையில் பதினான்கு துப்பாக்கிகள் இருந்தன. கைப்பிடியே முன்னும் பின்னும் நகரும் ரகம் ஒன்று. நடுவில் மடித்து இடுப்பில் மாட்டிக்கொண்டாலும் எதையும் மறக்காத ரகம் ஒன்று. எல்லாவற்றிலிருந்தும் முதல் வெடிவரை திருப்பி வாங்கியிருந்தாள். மடக்குத் துப்பாக்கியிலிருந்து மட்டும் நாற்பது நாரைகள் வந்தன, ஏரியில் விட்டாள்.

அவள் தேடியது பதினைந்தாவதை. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் லிவர் துப்பாக்கி இருப்பதாகத் தகவல் வந்தபோது, போனிலேயே லிவரை இழுத்துக் காட்டச் சொன்னாள். கரகரப்பு. கொட்டு. மறுநாள் காலையில் பஸ் ஏறினாள்.

மூன்று மாதம் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டும் பித்தளைத் தூரிகையால் தேய்த்தும் அதைக் கண் விழிக்க வைத்தாள். சேதி கேட்டு சவரிராயன் வந்தார். அவளுடைய அண்ணன் இன்னாசியின் கூட்டாளி. அந்த மாசி மாதக் காலையில் புதர் அசைந்ததைப் பன்றி என்று நினைத்து விசையை இழுத்தவர். புதருக்குள் இருந்தது இன்னாசி. முந்தின வாரம் இரண்டு பேரும் கோயில் திருவிழாவில் சண்டை போட்டதை ஊரே பார்த்திருந்தது. கோர்ட்டில் அதைச் சொன்னார்கள். ஏழு வருஷம் உள்ளே இருந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இப்போது எழுபத்து நாலு வயது.

"பாப்பா, நான் இங்க ஒரு ஓரமா உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"உக்காருங்க சவரிண்ணா. வாசலை மட்டும் மறைக்காதீங்க, வெளிச்சம் வேணும்."

தினமும் காலையில் வந்து, கவிழ்த்த தகர டின்னில் உட்கார்ந்தார். காட்டிலாகாவிலிருந்து கார்டு மாதையனும் வந்தான். துப்பாக்கி திருப்பித் தருவதைப் பெற்றுக்கொள்ள அவனைப் போட்டிருந்தார்கள். முற்றத்தில் கம்பிக் கூண்டு ஒன்றை வைத்திருந்தான். வருவதெல்லாம் அதற்குள்தான் வந்து நிற்கும்.

"இன்னிக்கு என்ன வருதுங்க டீச்சரம்மா? ஜீப்புல பிரேக் இல்ல, பன்னி கின்னி வந்தா சிரமம்."

"சுட்டவனைத்தான் கேக்கணும்."

"அவங்கெல்லாம் போய்ச் சேந்தாச்சே. போன வாரம் குடுத்தீங்களே ஒரு காட்டுச் சேவல், ஆபீஸ் மேசை மேல ஏறி நின்னு ரேஞ்சரையே மொறைக்குதுங்க. அவரைவிட சர்வீஸ் ஜாஸ்தின்னு நெனப்பு."

1972இல் வேட்டைக்குத் தடை வந்தது. அங்கிருந்து பின்னோக்கி நடந்தார்கள். காட்டுக்கோழிகள், முயல்கள், ஒரு கேளையாடு. குறி தவறிய வெடிகளுக்கு வெறும் சத்தம் மட்டும் வந்தது. ஒரு வாரம் முழுக்கச் சத்தமாகவே வந்தபோது சவரிராயன் காதைத் தேய்த்துக்கொண்டு, "யாருடா இந்தத் துரை, காட்டுல ஒண்ணையும் அடிக்காம காத்தை மட்டும் அடிச்சிருக்கான்" என்றார்.

எத்தனை வெடி பாக்கி என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அடையாளம் ஒன்று இருந்தது. வழக்கு நடந்தபோது நிபுணர் ஒருவர் அந்தத் துப்பாக்கியைச் சோதிக்கப் பஞ்சு மூட்டைக்குள் ஒருமுறை சுட்டார். ஏலத்தில் போனதெல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே பஞ்சு மூட்டை வந்துவிட்டால், அடுத்தது இன்னாசி.

சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை, பஞ்சு மூட்டை வந்தது. அரக்கு முத்திரையோடு கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஓட்டை இல்லை. மாதையன் அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கூண்டைக் கூட்டிப் பெருக்கினான். சவரிராயன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அமலோற்பவம் லிவரைக் கீழே தள்ளினாள். கரகரப்பு வந்தது. மேலே இழுத்தாள். கொட்டு வரவில்லை.

பிரித்துப் பார்த்தாள். தோட்டாவை அடியிலிருந்து குழலுக்கு நேராகத் தூக்கிக் கொடுக்கும் சிறு இரும்புத் தட்டு, வேரோடு முறிந்திருந்தது. அதைப்போல் ஒன்றை அவள் அரை மணி நேரத்தில் செய்துவிடுவாள். செய்தால் அது அழகாகத் தூக்கும். தூக்கி, ஒன்றும் தராது. பற்றவைத்தால் சூட்டில் ஞாபகம் போய்விடும். உடைந்த தட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெயில் அவள் மடிக்கு ஏறியது.

"என்ன பாப்பா?"

"தட்டுப் போச்சுண்ணா. அன்னிக்கு இதுல இருந்த இரும்புதான் வேணும். வேற எதுவும் ஆகாது."

சவரிராயன் டின்னிலிருந்து எழுந்து வந்தார். வலது கையை நீட்டினார்.

"அன்னிக்கு இதுவும் இருந்துச்சே."

அவள் அந்த ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். வெர்னியர் அளவுகோலை எடுத்து அகலத்தை அளந்தாள். தட்டைவிட அரை மில்லி கூடுதல்.

"இறுக்கமா இருக்கும். லிவர் மூடும்போது நசுக்கும்."

"நசுக்கட்டும்."

"எடுத்துடக் கூடாது. நடுவுல எடுத்தா அண்ணன் பாதியோட நின்னுடுவான்."

"இழு பாப்பா. பேசிக்கிட்டே இருந்தா நான் பயந்துடுவேன்."

துப்பாக்கியை ஏந்தி, அடிப்பக்கத்துத் திறப்பில் அவர் விரலை வைக்கச் செய்தாள். விரல் தோட்டாவின் அடியைத் தொட்டது. ஒரே இழுப்பாக இழுத்தாள், தயங்கினால் இன்னும் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். விரல் தோட்டாவைத் தூக்கியது. ஏதோ நொறுங்கியது. சவரிராயன் "யேசுவே" என்றார், ஆனால் விரலை எடுக்கவில்லை. கொட்டு கேட்டது. பிறகு அந்த இடைவெளி. பிறகு வெடி.

கம்பிக் கூண்டுக்குள் இன்னாசி குனிந்து நின்றான். காக்கி அரைக்கால் சட்டை, பனியில் நனைந்த பனியன், இருபத்து நாலு வயது.

"நான்தாண்டான்னு கத்துறேன், காது கேக்கலயா உனக்கு?" என்றான். பிறகு கம்பி வழியாகப் பார்த்து, "தொப்பைய எங்கடா வாங்கின?" என்றான்.

சவரிராயன் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டே நின்றார். மாதையன் கூண்டைத் திறந்துவிட்டு, தன் காகிதங்களைப் புரட்டினான். "மனுசனுக்கு எங்ககிட்ட ஃபாரம் இல்லீங்க டீச்சரம்மா. நீங்களே வெச்சுக்குங்க."

இன்னாசி வெளியே வந்து இடுப்பை நிமிர்த்தினான். அமலோற்பவத்தைப் பார்த்தான்.

"அம்மா கண்ணாடிய ஏண்டி போட்டிருக்க? உடைச்சா திட்டு வாங்குவ."

"இது என்னோடதுண்ணா."

"உனக்கு எப்பக் கண்ணு கெட்டுச்சு?"

"கொஞ்ச நாளாச்சு. வா, இட்லி ஆறுது."

அவன் ஒன்பது இட்லி சாப்பிட்டான். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சவரிராயனுக்கு வலது கையில் கட்டு. அவருக்குப் பிட்டுப் பிட்டு இன்னாசிதான் ஊட்டிவிட்டான், வாய்க்கு வாய் திட்டிக்கொண்டே.

வைகாசியில் ஜெயில் லாரி ஒன்று மலையேறி வந்து சவரிராயன் வீட்டு வாசலில் நின்றது. சுட்டது திரும்பிவிட்டதால், அதற்காக வாங்கியதைத் திருப்பித் தர உத்தரவாகியிருந்தது. ஏழு சாக்குகளை இறக்கி வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வருஷம் இருந்தது. கொஞ்சம் ஈரம் தட்டியிருந்தது. முற்றத்தில் இரண்டு நாள் உலர்த்தினால் போதும் என்று டிரைவர் சொன்னார். எல்லாம் சவரிராயனின் இருபத்தைந்தாம் வயதிலிருந்து எடுத்தவை. முதல் சாக்கைப் பிரித்ததும் தொப்பை போயிற்று. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்த மொட்டை விரல் மட்டும் அப்படியே இருந்தது.

சவரிராயன் வருஷத்துக்கு ஒரு சாக்காகப் பிரித்து, ஆறு வருஷம் சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் பஸ் ஓட்டினார். ஆறாவது தீர்ந்து, ஏழாவதைப் பிரிப்பதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, எண்பது வயதில் இறந்துபோனார்.