உடன்குடிக்கு இரண்டு நாள்

மூன்று தலையணை வைத்தும் செல்லக்கனிக்குச் சரிப்படவில்லை. தவசிமுத்து காரின் பின்கதவைத் திறந்துகொண்டு நாலாவது தலையணையை அவள் முதுகுக்குப் பின்னால் திணித்தார். காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு என்று திட்டத்தில் எழுதியிருந்தது. இப்போதே ஐந்தே கால் ஆகிவிட்டது.

"போதும், விடுங்க. என்னமோ பொண்ணழைப்புக்குப் போற மாதிரி இப்படிச் சோடிக்கிய" என்றாள் செல்லக்கனி. இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தாள்.

டிரைவர் பொன்னுரங்கம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். காசிமேட்டு ஆள். அப்பன், பாட்டன் எல்லாரும் கட்டுமரம் தள்ளியவர்கள். இவன் ஒருத்தன்தான் கடலை விட்டுவிட்டு லாரி ஏறி, மதுரை வரைக்கும் லோடு அடித்துப் பழகியவன். கார் தோல்மண்டி ரஷீது பாயுடையது. போகவர ஒரு வாரத்துக்குக் கேட்டதும், பாய் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டார்.

"நீ குந்து அண்ணாச்சி. அக்காவ அலுங்காம இட்டுகினு போறது என் பொறுப்பு" என்றான் பொன்னுரங்கம்.

தவசிமுத்து முன்னால் ஏறி, மடியிலிருந்து திட்டத்தை எடுத்து விரித்தார். கருப்பட்டிச் சிப்பம் சுற்றுகிற பழுப்புத் தாள், பென்சிலில் எழுதியது. தண்டையார்பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாக மொத்தக் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவர், லோடு இறக்க வந்த லாரிக்காரர்களை எல்லாம் ஆறு மாதமாக உட்கார்த்தி வைத்துக் கேட்டு எழுதியது. ஏழரைக்குச் செங்கல்பட்டு, வெந்நீர். பதினொன்றரைக்கு விழுப்புரம், மோர், புளியமர நிழல். நாலரைக்குத் திருச்சி, ராத் தங்கல். மறுநாள் பகலில் மதுரை, பிறகு தூத்துக்குடி, மாலை ஆறு மணிக்கு உடன்குடி. எந்த ஊரில் ரயில்வே கேட் எப்போது சாத்துவான் என்பதுகூட அதில் இருந்தது. திட்டம் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிளம்புவது என்றால்தான் கால் வராது.

செல்லக்கனிக்கு இருதயம் பலவீனம். ரயில் வேண்டாம், நெரிசல் வேண்டாம், படுக்கவைத்து மெதுவாகக் காரில் போவதானால் போகலாம் என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. பிறந்த வீட்டு வாசலில் ஒருதரம் கால் வைக்க வேண்டும், அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐப்பசியில் மழை என்றார் தவசிமுத்து. தையில் புதுக் கருப்பட்டி வரும் சமயம் என்றார். பங்குனியில் டயர் சரியில்லை என்றார். உண்மையில் அவருக்குப் பயம். எட்டு வருஷத்துக்கு முன்னால் மகள் பூமாரியைச் செல்லக்கனியின் அண்ணன் ராசையாவின் மகனுக்குக் கொடுக்காமல் திருவொற்றியூரில் கொடுத்தார். உரிமைப் பெண்ணை வெளியே கொடுத்தவன் வீட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று போன ராசையா, அதன்பிறகு ஒரு கார்டு போடவில்லை. ஒன்றரை மாதம் முன்பு தவசிமுத்து எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை.

அதனால்தான் தாளின் அடியில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். செல்லக்கனிக்குத் திட்டத்தைப் பத்துத் தடவை வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த வரியை மட்டும் வாசித்ததில்லை. 'கதவு திறக்காவிட்டால் திருச்செந்தூர்ச் சத்திரம்.'

வண்டி தெருவைத் தாண்டி இருநூறு கஜம் போயிருக்காது, நின்றது. ரயில்வே கேட் சாத்தியிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி. முன்னால் நாலு மாட்டுவண்டி, பின்னால் ஒரு லாரி, பக்கத்தில் மீன்கூடைக்காரிகள்.

"எந்த ஊரு வந்திருக்கு?" என்றாள் செல்லக்கனி, கண்ணைத் திறக்காமலே.

"நம்ம கேட்டுதான்."

"இது தாள்ல இருக்கா?"

தவசிமுத்து தாளைப் பார்த்தார். திண்டிவனம் கேட் இருந்தது. திண்டுக்கல் கேட் இருந்தது. தினமும் கடையில் உட்கார்ந்து மணிச்சத்தம் கேட்கிற இந்தக் கேட் இல்லை. இதைப் போய் யார் எழுதுவார்கள்?

"எழுதலியா? நல்ல ஆளுதான்" என்று சிரித்தாள் அவள். "சரி. நான் செத்த கண்ணசருதேன். செங்கல்பட்டு வந்தா எழுப்புங்க."

பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. எரிச்சலை அடக்க அவர் அவற்றை எண்ணினார். கடைசிப் பெட்டி போனதும், "நாப்பத்தொண்ணு செல்லக்கனி. நாப்பத்தொரு பெட்டி" என்றார். அவள் எதுவும் சொல்லவில்லை.

பொன்னுரங்கம் மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். "அண்ணாச்சி, அக்காவப் பாரு."

"அவ தூங்குதா. கேட்டுத் தொறந்தாச்சு, வண்டிய எடு."

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பொன்னுரங்கம் தண்டவாளத்தின் மேல் அலுங்காமல் ஏற்றி இறக்கி, அந்தப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தினான். இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து அவள் மூக்கருகே புறங்கையை வைத்தான். அப்புறம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"அக்கா பூட்டாங்க அண்ணாச்சி."

தவசிமுத்து திரும்பவே இல்லை. தாளைப் பார்த்தபடியே, "ஓட்டு" என்றார். "ரெண்டு நாள்தான. உடன்குடிக்கு ஓட்டு."

"ஓட்டுன்னா ஓட்றேன். நீ சொன்னா ராவும் பகலும் குந்திகினே ஓட்றேன். ஆனா கத்திரி வெயிலு கீது. விழுப்புரம் தாங்காது. அவங்க அண்ணங்காரரு கண்ணுல அக்காவ அந்தக் கோலத்துலயா கொண்டாந்து காட்டப்போற?"

அப்போதுதான் அவர் திரும்பினார். நாலு தலையணை நடுவில் அவள் சாய்ந்திருந்தாள். கடைசியாக வைத்த தலையணைதான் அவளுக்குச் சரிப்பட்டிருந்தது. பாவி, ஐப்பசியிலேயே கிளம்பியிருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மீன்கூடைக்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார்கள்.

வண்டி திரும்பி அதே கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்தது. தபாலாபீஸ் திறந்ததும் அவரே போய் ராசையாவுக்குத் தந்தி கொடுத்தார். செல்லக்கனி காலமானாள் என்று எழுதிக்கொண்ட குமாஸ்தா, "அவ்வளவுதானே?" என்றார். "காத்திருக்கிறோம்னு சேருங்க" என்றார் தவசிமுத்து.

அந்த ஒரு வார்த்தைதான் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்து மேலே விழ வேண்டும். அது விழாமல் எடுத்தால் நாதியில்லாதவளை எடுத்த மாதிரி. ஆனால் கோடி கொண்டுவர வேண்டிய ஆள் நானூறு மைலுக்கு அப்பால், அதுவும் கோபத்தில் இருந்தார். சங்கத்துப் பெரியவர் முப்பிடாதி அண்ணாச்சி துண்டால் விசிறிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"தவசி, வராத ஆளுக்குப் பொணத்தப் போட்டுக் காத்துக் கெடக்கது நல்லாயில்ல. பூமாரி கல்யாணத்துக்கே எட்டிப் பாக்காத ஆளு. அவன் ஸ்தானத்துல நம்மாளு ஒருத்தரு கோடி போடட்டும். பொழுது சாய எடுத்துருவோம்."

"வருவாரு."

"எத வச்சுச் சொல்லுத?"

எதை வைத்தும் சொல்லவில்லை. தனக்கே நம்பிக்கை இல்லாததைத்தான் தவசிமுத்து சொன்னார். உயிரோடு அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துப்பில்லாமல் போயிற்று. இன்னொருத்தன் கையால் கோடி போட்டு அனுப்பினால் அதுவும் தன் கணக்கில்தான் சேரும் என்று இருந்தது அவருக்கு. "காலையில எழும்பூருக்கு வண்டி வருதுல்லா. அதுவரைக்கும் பாப்போம் அண்ணாச்சி" என்றார்.

பொன்னுரங்கம் கேட்காமலே காசிமேட்டுக்குப் போய் மீனுக்குப் போடுகிற ஐஸ் பாளங்களை உமியோடு மூட்டை கட்டிக் கொண்டுவந்தான். கூடம் முழுக்க மீன்வாடை. உறவுக்காரி ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கடற்காற்று வாடை ஆகாது என்று இருபத்திரண்டு வருஷமாக மேற்கு ஜன்னலை மட்டும் திறந்து வைத்தவள் செல்லக்கனி. பூமாரி அழுதுகொண்டே சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டாள். "அம்மாவுக்கு இது பிடிக்காதேப்பா" என்றாள்.

"இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கிடுவா" என்றார் அவர்.

சுவர்க்கடிகாரம் பதினொன்றரை அடித்தபோது அவருக்கு விழுப்புரம் என்று நினைப்பு ஓடியது. மோர், புளியமர நிழல். நாலரைக்கு ஐஸ் மாற்றினார்கள். திருச்சி. மலைக்கோட்டையை வண்டியில் இருந்தபடியே அவளுக்குக் காட்டுவதாக இருந்தது. வந்தவர்கள் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொருத்தரிடமும் தலையாட்டினார். யார் வந்தது, யார் போனது என்று ஒன்றும் மனசில் நிற்கவில்லை.

விடிந்ததும் பொன்னுரங்கம் காரை எடுத்துக்கொண்டு எழும்பூர் போனான். ராசையாவை அவன் பார்த்ததே கிடையாது. ஒன்பது மணிக்கு வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. முப்பிடாதி அண்ணாச்சி எழுந்து நின்று, வெட்டியான்களைப் பார்த்து ஏதோ கையைக் காட்டினார். தவசிமுத்து வாசலைப் பார்க்க மாட்டாமல் செல்லக்கனியின் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. முதலில் இறங்கிய பொன்னுரங்கத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது. "வண்டி லேட்டு. பிளாட்பாரம் பூரா உடன்குடி உடன்குடின்னு கூவிகினு நடந்தேன் அண்ணாச்சி. கடைசிப் பெட்டியில கெடச்சாரு."

ராசையா முன் சீட்டிலிருந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. பின் சீட்டில் அந்த நாலு தலையணையும் அப்படியே கிடந்தன. யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே வந்து தங்கையின் பக்கத்தில் நின்றார். ஐஸ் உருகிய ஈரம் காலை நனைத்தது. அப்புறம் மஞ்சள் பையைத் திறந்து ஒரு புடவையை எடுத்தார். இலைப்பச்சைப் பட்டு, முனையில் மஞ்சள் தடவியிருந்தது.

"கோடிக்கு யாராவது பட்டு எடுப்பாவளா?" என்று முப்பிடாதி அண்ணாச்சி வாய்க்குள் சொன்னார்.

"இது அவளுக்குன்னு எடுத்தது" என்றார் ராசையா. விரித்து, கழுத்திலிருந்து கால்வரை போர்த்தினார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. "ஏ செல்லக்கனி" என்று வீடு அதிரக் கத்தினார். கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற பூமாரியைக் கையை நீட்டிக் கூப்பிட்டு, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பாடை கட்டும்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தவசிமுத்துதான் முதலில் கேட்டார். "பட்டு எப்ப எடுத்திய மச்சான்?"

"ஒங்க கடிதாசி வந்த மறுநாளு. திருச்செந்தூர்ல."

"பதிலு ஒண்ணும் போடலிய."

"பொறந்த வீட்டுக்கு வாறவ பதிலு பாத்தா வருவா?" என்றார் ராசையா. பிறகு, "கதவு என்ன, சாத்தியா கெடக்கு?" என்றார்.

தவசிமுத்து அவரைத் திரும்பிப் பார்த்தார். ராசையா பாடையின் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண் பிள்ளை இல்லாத வீடு. கொள்ளிச்சட்டியைத் தவசிமுத்துவே பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகவும் அதே வழிதான். தெரு முனை திரும்பியதுமே மணிச்சத்தம் கேட்டது. கேட் சாத்தியாகிவிட்டது. பாடையை இறக்கக் கூடாது என்று தோளோடு தோளாக நின்றார்கள். கூட்ஸ் வண்டி மெதுவாக வந்துகொண்டிருந்தது.

ராசையா தன் தோளைப் பொன்னுரங்கத்திடம் மாற்றிவிட்டு முன்னால் வந்தார். "தொறக்க எம்புட்டு நேரமாவும் மாப்ளே?"

"தெரியல மச்சான்" என்றார் தவசிமுத்து. "இத நான் எழுதல."

ராசையா மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பழுப்புத் தாள், தவசிமுத்து நேற்று காரின் முன் சீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது. தவசிமுத்து தலை குனிந்துகொண்டார்.

ராசையா தாளின் அடிப்பகுதியை நகத்தால் அழுத்தி மடித்து, அந்தக் கடைசி வரியை மட்டும் நேராகக் கிழித்தார். கிழித்த துண்டைக் கொள்ளிச்சட்டிக்குள் போட்டார். அது சுருண்டு பற்றி எரிந்தது. மிச்சத் தாளை எட்டாக மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டார்.

கேட் திறந்தது. ராசையா திரும்பிப் போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தார்.