பவளம் அக்காவின் கீபோர்டு

ஜனவரியில் பவளம் அக்கா பிஸ்கட்டவே ஊரில் தன் வீட்டு டிரைவ்வேயில் ஐஸில் வழுக்கி விழுந்தார். வலது தோளில் ஆபரேஷன். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் சொன்ன முதல் விஷயம், பத்து பவுண்டுக்கு மேல் எதையும் தோளில் மாட்டக் கூடாது என்பது. அவருடைய அக்கார்டியன் இருபத்து மூன்று பவுண்டு.

எங்கள் நாட்டுப்புறப் பாட்டுக் குழுவில் நாலு பேர். ப்ரியம்வதா பாடுவாள், குழுவை நடத்துவதும் அவள்தான். சிவராமகிருஷ்ணன் டோலக். நான் கிடார். ஆஸ்பத்திரி ஃபார்மஸி ஒன்றில் வேலை பார்க்கும் பவளம் அக்கா, நாகர்கோவிலில் பதினாலு வயதிலேயே சர்ச் கொயரில் அக்கார்டியன் வாசித்தவர். எங்களில் உண்மையாகவே சங்கீதம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அப்போது யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

"கௌசிக், அக்கார்டியன் சத்தம் வர்ற மாதிரி ஒரு சின்ன கீபோர்டு பார்த்துக் குடேன். ஏப்ரல் ப்ரோக்ராமுக்குள்ள கை பழகணும்" என்று போன் பண்ணினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன், ரிவ்யூ படித்தேன், பதினோரு மாடல்களை எக்செல் ஷீட்டில் போட்டு மார்க் போட்டேன். முதலிடம் பிடித்தது மிகச் சின்னதான ஒன்று. அதில் மட்டும் நாற்பது விதமான அக்கார்டியன் சத்தம்.

ரூட் ஒன் நெடுஞ்சாலையில் இருக்கும் மியூசிக் கடையில் அக்கா அதன் மேல் கை வைத்தார். பத்து செகண்ட். அவ்வளவுதான்.

"கட்டை ரொம்பக் குறுகல்டா. ரெண்டு விரல் ஒண்ணா விழுது."

"பழகிடும்க்கா. சத்தத்தைக் கேளுங்க."

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மூச்சு இல்லை. அக்கார்டியன்ல கட்டைய எப்படி அமுக்கினாலும் ஒண்ணுதான். துருத்திய இழுக்கறதுலதான் சத்தம் ஏறும், இறங்கும். இதுல அதை எதை வச்சுச் செய்வேன்?"

கடைக்காரரிடம் அவரே கேட்டு, ஓரத்தில் கிடந்த வேறொன்றை எடுத்து வைத்தார். என் லிஸ்டில் எட்டாவது இடத்தில் இருந்தது அது. முழு அகலக் கட்டைகள், நாற்பத்தொன்பதுதான். எடை ஒன்பது பவுண்டு. விரலின் அழுத்தத்துக்குச் சத்தம் மாறாதபடி செட் பண்ணச் சொன்னார். வால்யூமுக்குக் காலால் மிதிக்கிற பெடல் ஒன்றை மாட்டச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கும்மிப் பாட்டு வாசித்தார். பெடல் ஏற ஏற சத்தம் விம்மியது. இழுத்து விடுகிற காற்று காதில் விழுகிற மாதிரியே இருந்தது. பக்கத்தில் டிரம்ஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி நின்று கேட்டார்.

"இதுதான்" என்றார் அக்கா. நான் சிரித்துத் தலையாட்டினேன். உள்ளே ஏதோ சுருக்கென்றது. ஒரு வாரமாக நான் போட்ட மார்க்கை அவர் ஒரு பாட்டில் அழித்துவிட்டார்.

ஏப்ரலில் தமிழ்ச் சங்கத்தின் சித்திரைத் திருவிழா. ஒரு ஸ்கூல் ஆடிட்டோரியத்தில் முந்நூறு பேர். மதியம் சவுண்ட் செக் முடிந்தது. எல்லாம் சரியாக இருந்தது. மற்றவர்கள் காபி குடிக்கப் போனார்கள். திரை மூடியிருந்த மேடையில் நான் மட்டும்.

அந்தக் கும்மிப் பாட்டை நானும் வாசித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. பாட்டு 'டி' சுருதியில். எனக்குக் கீபோர்டில் 'சி' மட்டும்தான் வரும். அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: 'ட்ரான்ஸ்போஸ்' என்கிற சுருதி ஏற்றும் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால், 'சி'யில் வாசிப்பதே 'டி'யாகக் கேட்கும். அமுக்கினேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தேன். நன்றாக வந்தது மாதிரி எனக்கே ஒரு எண்ணம். அதற்குள் மற்றவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், மைக்கில் எங்கள் பெயரையும் சொல்லிவிட்டார்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடிப்போய் கிடாரை மாட்டிக்கொண்டேன். பட்டனை மறந்துவிட்டேன்.

முதல் பாட்டே கும்மி. அக்கா தனியாக ஆரம்பித்தார். அது இரண்டு படி மேலே ஒலித்தது. ப்ரியம்வதா நெற்றியைச் சுருக்கினாள், ஆனாலும் அதே சுருதியில் பாட ஆரம்பித்தாள். நான் 'டி'யில் மீட்டினேன். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. நான் செய்தது என்ன தெரியுமா? மீட்டுவதை நிறுத்திவிட்டுக் கிடார் ஒயரைக் குனிந்து பார்க்கிற மாதிரி நின்றேன்.

மேல் ஸ்தாயியில் ப்ரியம்வதாவின் குரல் உடைந்தது. முன் வரிசையில் சிரித்தார்கள். அக்கா கையை இடம் மாற்றிப் பார்த்தார், இன்னொரு தடவை மாற்றினார், பிறகு இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சாரி, பவளம் அக்காவுக்குப் புது கீபோர்டு, இன்னும் பழகலை" என்றாள் ப்ரியம்வதா மைக்கில். மறுபடி சிரிப்பு.

நான் கிடாரோடு நடந்து போய், கீபோர்டைக் குனிந்து ஆராய்கிற பாவனையில் சுருதி இறக்கும் பட்டனை இரண்டு தடவை அமுக்கிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். "உங்க கை பட்டிருக்கும்க்கா, ட்ரான்ஸ்போஸ் மாறியிருக்கு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பக்கத்தில் மைக் இருந்தது. கூட்டம் முழுக்கக் கேட்டது. எனக்குக் கை தட்டினார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா என் தோளைத் தொட்டார். "தேங்க்ஸ்டா. நீ இல்லேன்னா இன்னிக்கு மானம் போயிருக்கும்." வலது கை விரல்களை விரித்து, மடக்கிப் பார்த்துக்கொண்டார். "பட்டதே தெரியலையே எனக்கு."

நிகழ்ச்சிக்கு வந்திருந்த என் மனைவி ஹம்சாவிடம்கூட வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. "நீங்க மட்டும் கவனிக்கலேன்னா..." என்று அவளும் மெச்சினாள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அக்கா பிராக்டிஸுக்கு வரவில்லை. ப்ரியம்வதா சொன்னாள்: "விரல்ல உணர்ச்சி இல்லைன்னு பயப்படறாங்க. ஆபரேஷன்ல நரம்பு போயிருக்குமோன்னு. பட்டன்ல கை பட்டதே தெரியலையாம். வெள்ளிக்கிழமை நரம்பு டெஸ்ட். கையில ஊசி குத்திக் கரன்ட் விடுவாங்களாம்."

அன்றே போன் பண்ணியிருக்கலாம். சனி, ஞாயிறு, திங்கள் என்று போனது. புதன்கிழமை ஆபீஸ் பார்க்கிங்கில் அவர் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். டெஸ்ட் பண்ணிப் பார்ப்பது நல்லதுதானே, எப்படியும் தோள் ஆபரேஷனுக்குப் பிறகு பார்க்க வேண்டியதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளி வந்தது, போனது.

நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று ரிசல்ட் வந்தது. நான் நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆனால் ப்ரியம்வதா இன்னொன்றும் சொன்னாள். "நரம்பு சரியா இருந்தும் தப்பு வருதுன்னா வாசிப்பே போயிடுச்சுன்னு அர்த்தம், இனிமே வரலைங்கறாங்க."

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: ஹெட்போன், 'சி' சுருதி, பட்டன், நான் சொன்ன பொய். சொல்லும்போது அவர் கையைப் பார்த்துவிட்டேன். முழங்கை வரைக்கும் ஊசி குத்திய இடங்கள் சின்னச் சின்ன நீலப் புள்ளிகளாக இருந்தன.

அவர் அந்தக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"டெஸ்ட் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"முன்னாலயே?"

"ஆமா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "டெஸ்ட் டேபிள்ல படுத்துக்கிட்டு என்னென்ன நினைச்சேன் தெரியுமா? ஃபார்மஸி வேலைகூட போயிடுமோன்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "பட்டனை மறக்கறது யாருக்கும் நடக்கும். நானும் மறந்திருப்பேன். நீ என் கைன்னு சொன்னே பாரு" என்று நிறுத்திக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க."

"இப்ப முடியாது கௌசிக். நீ போய் அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள், பிராக்டிஸ் நடக்கும் ப்ரியம்வதாவின் பேஸ்மென்ட்டில் சொன்னேன். சிவராமகிருஷ்ணன் டோலக்கின் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. ப்ரியம்வதாவின் முகம் சிவந்துவிட்டது. "நான் மைக்ல அவங்க பேரைச் சொல்லிச் சிரிக்க வச்சேனே" என்றாள். என்னைத் திட்டுவதற்கு முன் அவள் தன்னை நொந்துகொண்டதுதான் அன்று எனக்கு அதிகமாக வலித்தது. அப்போதே காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். வீட்டில் ஹம்சாவிடமும் சொன்னேன். "மூணு வாரமா சொல்லாம என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மே கடைசியில் பவளம் அக்கா திரும்பி வந்தார். கீபோர்டைத் தானே தூக்கி வந்தார், தானே ஒயர் மாட்டினார். உதவட்டுமா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் இல்லை. ஜூனில் பார்க் ஒன்றில் ஒரு நிகழ்ச்சி. ஒரு மணி நேரம் வாசித்தார். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அடுத்து எந்தப் பாட்டு என்று ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பிக் கேட்டார். சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

இன்றைக்கும் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.