ஒம்வெங்கா வாத்தியாரின் நன்னடத்தைச் சான்றிதழ்

ஒம்வெங்கா வாத்தியார் தன் வாழ்நாளில் யாருக்கும் ஒரு ஷில்லிங் லஞ்சம் கொடுத்ததில்லை. இது நியாமசேகே ஊருக்கே தெரியும். தெரியாதவர்கள் தப்பித்தவறி யாராவது மிச்சமிருந்தால், அவரே பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

ஊரில் மற்றவர்களெல்லாம் டீ கொடுத்துத்தான் காலம் தள்ளினார்கள். டீ என்றால் குடிக்கிற டீ இல்லை. பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு டீ, கரண்ட் இணைப்புக்கு இரண்டு டீ, நிலப் பட்டா என்றால் பிளாஸ்க் நிறைய. வாத்தியார் மட்டும் வெறுங்கையை வீசிக்கொண்டு போவார். கவுன்ட்டரில் நின்று தொண்டையைச் செருமிவிட்டு, நாடு கெட்டுப்போன கதையை முக்கால் மணி நேரம் பேசுவார். குமாஸ்தாக்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள். பேசி முடித்ததும் காகிதம் கைக்கு வந்துவிடும். பட்டா அப்படித்தான் வந்தது. மகள் மொராவின் பாஸ்போர்ட்டும் அப்படித்தான் வந்தது. உண்மைக்கு முன்னால் எவனும் வாலாட்ட முடியாது என்பது அவருடைய கட்சி.

இந்தப் பெருமையால்தான், ஊரில் லஞ்ச ஒழிப்புக் குழு அமைத்தபோது தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. ஓய்வுபெற்று ஆறு வருடமாக, அவர் நுழைந்ததும் யாருமே எழுந்து நிற்பதில்லை. அந்த ஏக்கம் தீரப் போகிறது என்று புதுக் கோட்டு தைக்கக் கொடுத்தார். ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி, நன்னடத்தைச் சான்றிதழ். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அதைக் கொடுக்காவிட்டால் பதவி அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த அடுத்த ஆள் அவரிடமே படித்து, கணக்கில் விடாமல் ஃபெயிலானவன்.

இதற்கு முந்தின சனிக்கிழமை, தேவாலயத்தில் வாராந்திர ஆராதனைக்குக் கூடிய சபையில் வாத்தியார் ஒரு காரியம் செய்திருந்தார். ஆஸ்பத்திரியில் டீ கொடுத்துத் தன் தாய்க்குக் கட்டில் வாங்கிய ஒரு சகோதரியைப் பற்றி எழுந்து நின்று பேசினார். பெயரைச் சொல்லவில்லை. கையை மட்டும் மூன்றாவது வரிசைப் பக்கம் நீட்டினார். அங்கே உட்கார்ந்திருந்தது அவர் மனைவி கெமுந்தோவின் தங்கை போசிபோரி. கட்டிலில் படுத்திருந்த தாய் வாத்தியாரின் மாமியார். கெமுந்தோ சண்டை போடவில்லை. அன்றிலிருந்து தட்டில் வெறும் ஊகாலிக் களியை வைத்தாள், தொட்டுக்கொள்ளக் கீரைகூட இல்லை.

திங்கட்கிழமை வாத்தியார் ஆபீசுக்குப் போய் வழக்கம்போலப் பேசினார். குமாஸ்தா ரத்தேமோ வழக்கம்போலக் கேட்டான். ஆனால் காகிதம் வரவில்லை, ஃபைல் நைரோபிக்குப் போயிருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. புதன்கிழமை கைரேகை சரியாக விழவில்லை என்று பத்து விரலிலும் மறுபடி மை பூசி அனுப்பினான். வியாழக்கிழமை வாத்தியார் விடாப்பிடியாகச் சுதந்திரத்திலிருந்து ஆரம்பித்து ஒன்றேகால் மணி நேரம் பேசினார். ரத்தேமோ கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு அவர் பக்கம் குனிந்தான்.

"தப்பா நெனைக்காதீங்க வாத்தியாரே. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான். நீங்க வர்றதுக்கு மொத நாளே வந்துட்டுப் போயிடுவாங்க. இந்த வாட்டி ஆளையே காணோமே."

வாத்தியாருக்குப் பட்டா, பாஸ்போர்ட், கரண்ட், கடைசியில் தன்னுடைய பென்ஷன்கூட ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள் கெமுந்தோ, சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கூடையோடு திரும்பியிருந்தாள். அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அந்த அவமானம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் கூட வந்தது. பஸ் கிளம்பியதும், விடிந்தால் வெள்ளிக்கிழமை என்ற கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் கெமுந்தோ வாழைக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ரத்தேமோ அவளை விசாரித்ததாக வாத்தியார் பொதுவாகச் சொல்லிவைத்தார். ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தால் மரியாதையாக இருக்கும் என்றும் இழுத்தார். அவள் நிமிரவே இல்லை.

"எங்க குடும்பத்துல டீ குடுக்குறவங்க இருக்காங்கன்னு சபை பூராத் தெரியும், மொரா அப்பா. உங்க பக்கமும் ஒருத்தர் இருக்கட்டும். நீங்களே போங்க."

வெள்ளிக்கிழமை காலையில் ஆயிரம் ஷில்லிங் நோட்டு ஒன்றைக் கவரில் போட்டு ஒட்டினார். நாற்பது வருடம் பாடம் நடத்திய கை சும்மா இருக்குமா? கவரின் மேல் முத்து முத்தாக, 'திரு. ரத்தேமோ அவர்களுக்கு' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். ஆபீசில் பின்னால் வரிசை நிற்க, அதைக் கவுன்ட்டரில் பட்டப்பகலில் நீட்டினார்.

ரத்தேமோ நெருப்பை மிதித்தவன்போல நாற்காலியோடு பின்னால் போனான்.

"என்ன வாத்தியாரே இது, உங்க கையாலயா? எடுங்க மொதல்ல. டீ குடுக்காத மனுஷன்னு இந்த ஊர்ல இருக்கறதே நீங்க ஒருத்தர்தான். எம் புள்ளைங்களுக்கு உங்களத்தான் காட்டி வளர்க்கறேன். அந்த ஒண்ணையும் கெடுத்துடாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அம்மாவ அனுப்புங்க. நாலு மணி வரைக்கும் இருப்பேன்."

இந்தக் காலத்திலும் இப்படி ஓர் அதிகாரியா என்று வரிசையில் நின்றவர்கள் வியந்துபோனார்கள். ஒரு கிழவர் வாத்தியாரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து கவரை மேசைமேல் வைத்தார். "வாங்க மாட்டேங்கிறான்" என்றார். கெமுந்தோ அடிக்கோட்டைப் பார்த்தாள். நாலு நாளாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, நாளைக்குச் சபையில் அதே கையை அதே மூன்றாவது வரிசைக்கு நீட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். வாத்தியார் தலையாட்டினார். இதற்கு முன் அவர் இவ்வளவு வேகமாகத் தலையாட்டி யாரும் பார்த்ததில்லை.

அவள் கவரைக் கிழித்து நோட்டை எடுத்தாள். துணி முடிச்சை அவிழ்த்து அதோடு இன்னும் பணம் சேர்த்தாள்.

"ஊருக்கெல்லாம் ஆயிரம்தானே?" என்று வாத்தியார் கேட்டார். ஏமாற்றுகிறார்களே என்று அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"ஊருக்கு ஆயிரம். உங்களுக்கு எப்பவும் முந்நூறு கூட."

"ஏன்?"

"நீங்க பேசறத நின்னு கேக்கணும்ல" என்று கெமுந்தோ செருப்பை மாட்டினாள். "இந்த வாரம் நாலு நாள் பேசியிருக்கீங்க. அதுக்கு மட்டுமே ஆயிரத்து இருநூறு. வர்றப்ப டெய்லர்கிட்ட கோட்டையும் வாங்கிட்டு வந்துடறேன்."