ஒருக்களித்துப் போகிற வழி

தோற்றவருக்காக மேல்முறையீடு நடத்துவது எனக்குப் பிடித்த வேலை. இழக்க ஒன்றும் மிச்சமில்லாத கட்சிக்காரர், துணிந்து வாதாடலாம். ஜெயித்தவரைக் காப்பாற்றுவதுதான் பெரும் பாடு. அவர் தீர்ப்பின் நகலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார். "நாங்கதான் ஜெயிச்சாச்சே மேடம், அப்புறம் எதுக்கு இன்னொரு கோர்ட்டு?" என்று கேட்பார். அந்தத் தீர்ப்பில் ஓட்டை இருக்கிறது என்று அவரிடம் சொல்வது என் தலையெழுத்து.

தையல்காரம்மாவும் நகலை அணைத்துக்கொண்டுதான் வந்தார். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். கணவர் இல்லை. பேசும்போதே என் திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, "இது யாரு மேடம் தைச்சது? தையல் பிரியுது" என்றார். வழக்குக்காக வந்தவர் என் திரைச்சீலைக்குத் தீர்ப்புச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கதை இதுதான். மாமனார் தன் இடத்தை இரண்டாகப் பிரித்து, பின்பக்கத்தை மூத்த மகனுக்கும் முன்பக்கத்தை இளைய மகனுக்கும் கொடுத்திருந்தார். மூத்தவரின் மனைவிதான் தையல்காரம்மா. பின்வீட்டிலிருந்து தெருவுக்கு வர, முன்வீட்டை ஒட்டி ஒரு சந்து. அந்தச் சந்தின் குறுக்கே கொழுந்தனார் ஒரு நாள் சுவர் எழுப்பிவிட்டார். கீழ்க்கோர்ட்டு சுவரை இடிக்கச் சொன்னது. அவர் மேல்முறையீடு செய்து, அது முடியும்வரை சுவரை இடிக்காமலிருக்கத் தடையும் வாங்கிவிட்டார். ஆனால் ஆள் நடந்துபோக இடம் விட வேண்டும் என்று தடை கொடுத்த நீதிபதி ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"விட்டாரா?"

"விட்டார் மேடம். ஓரமா ஒண்ணரைச் செங்கல் நீளத்துக்கு உடைச்சு விட்டார். ஒருக்களிச்சுத்தான் போகணும். ஆர்டர்ல ஆள் போகணும்னுதான் இருக்காம், துணி மூட்டையும் போகணும்னு எழுதலையாம். மூட்டைய நாங்க சுவத்துக்கு மேல வீசுறோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீதிமன்ற உத்தரவை இவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றிய மனிதரை நான் பார்த்ததே இல்லை.

"எப்படியோ போயிட்டு வர்றீங்கல்ல அக்கா?"

"நான் போவேன். எம் பொண்ணால முடியாது."

"ஏன்?"

அவர் தன் வயிற்றுக்கு முன்னால் இரண்டு கைகளையும் வட்டமாக வைத்துக் காட்டினார். "போன மாசம் வரைக்கும் மூச்ச அடக்கிக்கிட்டு எப்படியோ வந்துட்டா. இப்ப முடியல. நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போறாங்க. வலி எடுத்தா அவள எப்படி மேடம் வெளிய கொண்டு வர்றது? மூட்டை மாதிரி வீசவா முடியும்?"

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"கொழுந்தனார்கிட்ட சொன்னீங்களா?"

"பேச்சுவார்த்தையே கிடையாது. நான் செத்தாலும் அந்த மனுசன்கிட்ட வாயத் திறக்க மாட்டேன்."

குடும்பச் சண்டை என்றால் இப்படித்தான். கோர்ட்டில் வண்டி வண்டியாகப் பேசுவார்கள், வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

தடையை நீக்கக் கேட்கலாம். கேட்டால் அவர்கள் பதில் போடுவார்கள், நாங்கள் பதிலுக்குப் பதில் போடுவோம், அதற்குள் பிள்ளை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிடும். நான் வேறு வழி பிடித்தேன். மொத்த மேல்முறையீட்டையும் உடனே விசாரித்து முடியுங்கள் என்று கேட்டேன். "நீங்க ஜெயிச்ச பக்கம், உங்களுக்கு என்ன அவசரம்?" என்று, விசாரிக்கிற இரண்டு நீதிபதிகளில் மூத்தவர் ஆச்சரியப்பட்டார். ஆனாலும் பக்கத்திலேயே ஒரு தேதி கொடுத்தார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜெயித்த தீர்ப்பைக் கையில் எடுத்தால், எதிர்ப்பக்கம் எனக்குக் கூலி கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு சிவப்புப் பென்சிலோடு படிப்பேன். எங்கே குத்தினால் சாயும் என்று தேடுவேன். இந்தத் தீர்ப்பு முதல் குத்திலேயே சாய்ந்தது.

கீழ்க்கோர்ட்டு நீதிபதி சொன்ன காரணம், இந்த அம்மா பல காலமாக அந்தச் சந்தில் போய் வந்திருக்கிறார், அதனால் உரிமை வந்துவிட்டது என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழகிய வழியில் உரிமை வர வேண்டுமானால், யாரையும் கேட்காமல், என் வழி இது என்ற தோரணையில் போயிருக்க வேண்டும். கேட்டுக்கொண்டு போனால் அது அனுமதி. அனுமதி எத்தனை காலமானாலும் உரிமை ஆகாது.

சாட்சிக் கூண்டில் எதிர்ப்பக்க வக்கீல் தையல்காரம்மாவிடம் சாதுவாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அந்த வழியில் போகும்போது கொழுந்தனாரிடம் கேட்டுவிட்டுத்தான் போவீர்களா? இந்த அம்மா பெருமையாகப் பதில் சொல்லியிருக்கிறார்: "கேக்காம எப்படிங்க போறது? அவர் வாசலத் தாண்டித்தான போறேன். 'தம்பி, போயிட்டு வரட்டுமா'ன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

மரியாதையால் வழியைத் தொலைத்த ஒரே கட்சிக்காரர் இவராகத்தான் இருக்க வேண்டும். சுவர் எழும்பிய காரணமும் அதுதான் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் துணி ஏற்றிய லாரி அவசரப்படுத்தியது. அன்று ஒரு நாள் கேட்காமல் விட்டுவிட்டார். கொழுந்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார், அடுத்த வாரமே செங்கல் வந்து இறங்கியது.

கோபத்தில் எழுந்து அறைக்குள் நடந்தேன். கீழ்க்கோர்ட்டு நீதிபதியைத் திட்டினேன், எதிர்ப்பக்க வக்கீலைத் திட்டினேன், அந்த லாரி டிரைவரையும் விடவில்லை. திட்டி முடித்தபோதுதான் மண்டையில் உறைத்தது. இந்த அம்மா ஏன் ஒவ்வொரு தடவையும் அந்த மனிதரிடம் கேட்டார்? வேறு எந்தப் பக்கமும் போக முடியாது என்பதால்தானே!

ஓடி வந்து உட்கார்ந்து வழக்குக் கட்டை மறுபடி புரட்டினேன். சட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது. ஒரே இடமாக இருந்ததை இரண்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்குக்கு வெளியே போக வேறு வழியே இல்லையென்றால், மற்றப் பங்கின் வழியாகப் போகும் உரிமை பிரித்த அன்றே கூடவே வந்துவிடுகிறது. அதற்குப் பழக்கமும் வேண்டாம், காலமும் வேண்டாம். கேட்டுவிட்டுப் போனாலும் கேட்காமல் போனாலும் ஒன்றுதான். கீழ்க்கோர்ட்டு வக்கீல், புண்ணியவான், மனுவில் 'வேறு வழி கிடையாது' என்று எழுதி வைத்திருந்தார். கொழுந்தனாரும் சாட்சி சொல்லும்போது பின்னால் வாய்க்கால், ஒரு பக்கம் பள்ளிக்கூட மதில், மறுபக்கம் கிடங்கின் சுவர் என்று ஒப்புக்கொண்டிருந்தார். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், யாரும் அதை வைத்து வாதாடவில்லை. சந்தோஷத்தில் மேசையைத் தட்டியதில் பென்சில் உருண்டு விழுந்தது.

விசாரணைக்கு முன்னால் தையல்காரம்மாவிடம் இரண்டு விஷயம் சொன்னேன். "நான் உள்ள ஏடாகூடமா ஏதாவது பேசுவேன், பயந்துறாதீங்க. இன்னொண்ணு, பொண்ணு விஷயத்த நீங்க வாயே திறக்கக் கூடாது."

"அதுதான மேடம் என் கஷ்டமே!"

"தெரியும் அக்கா. ஆனா கீழ்க்கோர்ட்டுல சொல்லாதத இங்க சொன்னா, கண்ணீர் விட்டு ஜெயிக்கப் பாக்குறாங்கன்னு நம்ம வாயடைச்சிருவாங்க. சொல்ல வேண்டிய நேரம் வந்தா நான் சொல்றேன்."

அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் தலையாட்டினார்.

எதிர்ப்பக்க வக்கீலுக்கு மற்ற வக்கீல்கள் நாங்கள் வைத்த பெயர் வெண்கலத் தொண்டை. ஒலிபெருக்கியை அவருக்கு முன்னால் வைப்பதே வீண் செலவு. அவர் எழுந்தார், நேராக அந்தக் கேள்வியையும் பதிலையும் எடுத்தார், 'தம்பி, போயிட்டு வரட்டுமா' என்பதை நாடக மேடை மாதிரி படித்தார். இளைய நீதிபதி குறித்துக்கொண்டார். மூத்தவர் என்னைப் பார்த்த பார்வையில், பாவம் இந்த வக்கீலம்மா என்பது தெரிந்தது.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் என்னிடம்.

எழுந்தேன். "அவர் சொல்றது சரிதாங்க ஐயா. கீழ்க்கோர்ட்டு சொன்ன காரணம் தப்பு."

பின் வரிசையிலிருந்து "ஐயையோ!" என்று ஒரு குரல். திரும்பாமலே தெரியும், தையல்காரம்மா. அவர் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வெண்கலத் தொண்டை பாதி உட்கார்ந்தவர், உட்காரவா எழவா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"அப்ப மேல்முறையீட்ட அனுமதிச்சிடலாமா?" என்றார் மூத்த நீதிபதி.

"வேண்டாங்க ஐயா. காரணம்தான் தப்பு, தீர்ப்பு சரி. ஜெயிச்சவங்க அந்தத் தீர்ப்ப வேற காரணத்தாலயும் காப்பாத்திக்கலாம். அதுக்கு வேணுங்கற எல்லாம் கீழ்க்கோர்ட்டுச் சாட்சியத்துலயே இருக்கு. புதுசா நான் ஒண்ணும் கொண்டு வரல."

பிறகு வாய்க்கால், மதில், கிடங்குச் சுவர் என்று கொழுந்தனார் சொன்ன பதில்களை ஒவ்வொன்றாக வைத்தேன். இளைய நீதிபதி நிறுத்தி நிறுத்தி எழுதினார். என் குரல் எனக்கே எட்டூருக்குக் கேட்பது போலிருந்தது. அன்றைக்கு வெண்கலத் தொண்டை நான்தான்.

மூத்தவர் எதிர்ப்பக்கம் திரும்பினார். "வக்கீல் சார், உங்க மேல்முறையீட்ட அனுமதிச்சுட்டோம்னு வச்சுக்குங்க. இன்னிக்குச் சாயங்காலம் இந்த அம்மா எந்தப் பக்கமா வீட்டுக்குப் போவாங்க?"

"என் கட்சிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகட்டும் ஐயா. கேட்டா மறுக்கவா போறாரு?"

"அவர் மறுத்துட்டா?"

வெண்கலத் தொண்டை காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

"அப்ப வேற வழி இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க" என்றார் நீதிபதி. பக்கத்து நாற்காலிப் பக்கம் குனிந்து இரண்டு வார்த்தை பேசினார். நிமிர்ந்து, அங்கேயே உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். மேல்முறையீடு தள்ளுபடி. சுவர் போக வேண்டும். காரணம் மட்டும் நாங்கள் கொடுத்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அங்கி தடுக்கும் என்பதால் சும்மா நின்றேன்.

ஆனால் அனுபவசாலி சும்மா விடுவாரா? "ஐயா, நாங்க இதுக்கு மேல உள்ள கோர்ட்டுக்குப் போகணும். அதுவரைக்கும் சுவர் இப்படியே இருக்க உத்தரவிடணும். நடந்து போக இடம் இருக்கு, யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்ல" என்றார் வெண்கலத் தொண்டை.

இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று பார்க்கும்போது சொல்லக் கூடாதது, நிறுத்தி வைத்தால் யாருக்கு என்ன கஷ்டம் என்று பார்க்கும்போது சொல்லியே ஆக வேண்டியதாகிவிடுகிறது. கதவை அவரே திறந்துவிட்டார்.

"கஷ்டம் இல்லையாங்க ஐயா? அந்த இடத்துல ஒருக்களிச்சுத்தான் போக முடியும். இந்த அம்மாவோட மகளுக்கு இது நிறை மாசம். அவ வீட்ட விட்டு வெளிய வந்தே ஒரு மாசமாச்சு. வலி வந்தா அவள வெளிய கொண்டு வர வழி இல்ல."

பின் வரிசையில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. கொழுந்தனார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். வழுக்கை விழுந்த, ஒல்லியான மனிதர். இத்தனை பெரிய சுவரைக் கட்டியவர் மாதிரியே இல்லை. அவர் நீதிபதியைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தார்.

"பாப்பா உள்ளயா இருக்கா?" என்றார். "கண்லயே படலையே... அவ புருசன் வீட்டுக்குப் போயிட்டான்னுல்ல நெனச்சேன்."

தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"கோர்ட்டுல இப்படியெல்லாம் பேசக் கூடாது, உக்காருங்க" என்றார் இளைய நீதிபதி. வெண்கலத் தொண்டையும் கை ஜாடை காட்டினார். நான் சட்ட நுணுக்கங்களை அடுக்க ஆரம்பித்தேன், அவர் மறுத்தார், நான் மறுப்புக்கு மறுத்தேன். ஒரு மணி நேரம் சூடு பறந்தது. கடைசியில் மூத்த நீதிபதி கையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தினார்.

"நிறுத்தி வைக்க முடியாது. ரெண்டு நாள்ல சுவர் போகணும். உங்க கட்சிக்காரர்கிட்ட தெளிவாச் சொல்லிடுங்க."

வெண்கலத் தொண்டை பின்னால் திரும்பினார். நாற்காலி காலியாக இருந்தது. கொழுந்தனார் எப்போதோ போய்விட்டிருந்தார்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்புன்னு சொன்னீங்களே, அப்பவே உசுரு போயிருச்சு மேடம்" என்று அழுதார், சிரித்தார், இரண்டையும் ஒன்றாகச் செய்தார். எனக்கும் கண் கலங்கியது. அதே நேரத்தில் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உத்தரவு நகல் வர வேண்டும், அதைக் கீழ்க்கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அந்த மனிதர் முரண்டு பிடித்தால் உத்தரவை நிறைவேற்றக் கோர்ட்டு அமீனாவைக் கூப்பிட வேண்டும். ஜெயித்த பிறகுதான் நாய் படாத பாடு ஆரம்பிக்கும். ரெண்டு நாள் என்று நீதிபதி சொல்லிவிடலாம், வலிக்குத் தேதி தெரியுமா?

அப்போது தையல்காரம்மாவின் போன் அடித்தது. மகள். படபடப்பில் சத்தமாகப் பேசும் பட்டனை அழுத்திவிட்டார், எனக்கும் கேட்டது.

"அம்மா, டொம்மு டொம்முனு இடிக்கிற சத்தம் கேக்குது. நான் பயந்துட்டேன். பாத்தா சித்தப்பா! கடப்பாரையோட நிக்கிறாரு. கோர்ட்டுக்குப் போட்டுட்டுப் போன சட்டையக்கூடக் கழட்டல. பாதிச் சுவர் விழுந்துருச்சும்மா."

நகல் இல்லை, அமீனா இல்லை, நீதிபதி கையெழுத்துக்கூட இன்னும் போடவில்லை. என் தொழிலில் இப்படி ஒரு நிறைவேற்றத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"ஏதாவது பேசினாராடி?" என்றார் தையல்காரம்மா.

"என்னப் பாத்தாரு, அழுதாரு. அப்புறம் திரும்பிக்கிட்டு இடிக்கிறாரு. மூச்சு வாங்குது அவருக்கு. குடிக்கத் தண்ணி தரட்டுமான்னு கேக்கலாமாம்மா? நீ திட்டுவியோன்னு..."

தாழ்வாரத்தில் போகிறவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். தையல்காரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சொந்தச் சித்தப்பாவுக்குத் தண்ணி குடுக்க என்னைக் கேக்கணுமாடி?" என்றார். "எடுத்துட்டுப் போ."