காது மெஷின்

என் தங்கச்சியை அவள் புருஷன் கொன்றதைப் பார்த்த சாட்சி யாருமில்லை. அந்தத் தெம்பில்தான் அவன் குற்றவாளிக் கூண்டில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "ஆறு மணிக்குக் கடைத்தெருவுல இருந்து வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டேன். அஞ்சு நிமிஷம் நல்லாத்தான் பேசினா" என்று போலீசில் கதை சொல்லியிருந்தான்.

காது மெஷின் ரிப்பேர் பார்ப்பது என் தொழில். மெஷின் இல்லாமல் தங்கச்சிக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அவளிடம் இருந்த ஒரே மெஷின் அன்று மதியத்திலிருந்து என் மேஜையில் பிரித்துப்போட்டபடி கிடந்தது. கழுத்தைப் பிடித்தவன் காதைப் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு அவள் உயிரோடு இருந்த மாதிரி காட்ட, செல்போனில் கூப்பிட்டவனும் அவன்தான், வீட்டுக்குள் ரிசீவரை எடுத்தவனும் அவன்தான்.

மெஷினையும் தேதி போட்ட ரசீதையும் நீதிபதியிடம் காட்டிச் சொல்லி முடித்தேன். அவனுடைய வக்கீல் எழுந்தார்.

"உதட்டசைவைப் பாத்தே உங்க தங்கச்சி எல்லாம் புரிஞ்சுக்குவாங்களே?"

ஒன்றரை வருஷமாக இந்தக் கேள்விக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஆமா சார். போன்ல உதடு தெரியுமா?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நான் எதிர்க் கூண்டின் பக்கம் திரும்பினேன். தங்கச்சியிடம் பேசுகிற மாதிரியே, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன்.

"மாட்டினியாடா?"

எட்டு வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவன். ஓர் எழுத்து விடாமல் புரிந்துகொண்டான்.