வீராயி மேலே வரமாட்டாள்

எங்க அம்மா உனக்கு எப்போதிலிருந்துடா குலதெய்வம் ஆனாள்?

கேள்வி வினோதாவின் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. தோசைக் கரண்டியைப் பிடித்தபடி அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கூடத்து டிவியில் கொழுந்தன் அருள்முருகனின் யூடியூப் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. கணினி விளையாட்டுகளை விளையாடிக் காட்டி வர்ணனை செய்கிற சேனல். பெயர் ‘கப்பித்தான் அருள்’. திரை முழுக்கக் கறுத்த கடல், சாய்ந்து அடிக்கும் மழை. மூலையில் ஒரு வட்டத்துக்குள் வெள்ளைத் தொப்பி போட்ட அருள்முருகனின் முகம்.

“மக்களே, நம்ம நீர்மூழ்கிக் கப்பல் பேரைப் பாத்தீங்களா? வீராயி! எங்க குலதெய்வம். அவ பேரைச் சொல்லிட்டுத்தான் இந்தப் புயல்ல எறங்கினேன்.”

வீராயி வினோதாவின் அம்மா. நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் இன்றைக்கும் மீன் விற்கிறாள். மூலக்குளத்தில் இருக்கிற இந்த வீட்டுக்கு எப்போதாவது மகளைப் பார்க்க வந்தால், மாமியார் நிர்மலாதேவி அவளைச் சோபாவில் உட்காரச் சொன்னதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போடுவாள். அவள் போன பிறகு அந்த நாற்காலியைக் கழுவி வெயிலில் காய வைப்பாள்.

“எப்பிடிப் பேசறான் பாரு எம் புள்ள! மூச்சு வுடாம பேசறான்,” என்றாள் நிர்மலாதேவி, அந்தச் சோபாவில் சாய்ந்துகொண்டு.

பேசுவான். பேச மட்டும் செய்வான். அந்தக் கப்பலை அந்தப் புயலுக்குள் ஓட்டியது வினோதா.

பழைய யுத்த காலத்து நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு அது. அருள்முருகன்தான் வாங்கினான். கடலில் இறங்கியதுமே புயல் பிடித்துக்கொண்டது. எதிரே வருகிற கப்பல் தெரியவில்லை, பீரங்கிப் பக்கம் ஆளை அனுப்ப முடியவில்லை. சலித்துப்போய் விட்டுவிட்டான். வினோதா வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறவள். வெளிநாட்டு டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பதிவு செய்து அனுப்புகிற நோயாளி விவரங்களைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. வேலை முடிந்து, வீட்டில் யாரும் இல்லாத மத்தியான வேளைகளில் அவனுடைய கணினி முன்னால் உட்கார்ந்தாள். தனியாக ஒரு கணக்குத் தொடங்கிக் கப்பலுக்கு அம்மா பெயரை வைத்தாள். ஏன் வைத்தோம் என்று அப்போது யோசிக்கவில்லை. இந்த வீட்டில் அந்தப் பெயரை எழுத வேறு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

புயல் அவளையும் பிடித்துக்கொண்டது. ஆனால் அவளுக்குப் பயமில்லை. கடல்காரன் பெண். வாடைக் காற்று எத்தனை ஆட்டம் ஆடினாலும் ஒருநாள் தெற்கே திரும்பும், திரும்பினால் விடிவதற்குள் கடல் படுத்துவிடும் என்று அப்பா காசிலிங்கம் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். தண்ணீருக்கடியில் காத்திருந்தாள். திரையில் காற்றின் முள் தெற்கே திரும்பியது. அவ்வளவுதான், புயல் முடிந்தது என்று கப்பலை மேலே கொண்டுவந்தாள். மழைக்குள்ளிருந்து ஒரு போர்க்கப்பல் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. முட்டி மோதி, தப்பித்துக் கீழே இறங்குவதற்குள், தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கிற பெரிஸ்கோப் உடைந்துபோனது. அந்தக் கடல் அப்பாவின் கடல் இல்லை. அதில் காற்றுக்குத் திசை உண்டு, முடிவு கிடையாது.

அன்றைக்குச் சீக்கிரமே வீடு திரும்பிய அருள்முருகன்தான் அவள் திருதிருவென்று முழிப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னான். “அண்ணி, இது அந்த கேம்லயே இருக்கற கோளாறு. புயல் புடிச்சா வுடவே வுடாது. ஸேவ் பண்ணிட்டு வெளிய போயிட்டுத் திரும்பி உள்ள வாங்க. பளிச்சுனு வெயில் அடிக்கும். எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்க.”

அவள் அப்படிச் செய்யவில்லை. வெளியே போய் வந்தால் வெளுத்துவிடுகிற வானத்தில் என்ன இருக்கிறது? தான் பட்ட அடி அந்த மழையில் பட்டது. அந்த மழைக்குள்ளேயே எழுந்திருக்க வேண்டும் போல ஒரு வீம்பு.

கண் போன பிறகு காது இருந்தது. அலையின் ஆட்டம் எட்டாத ஆழத்துக்கு இறங்கி, கப்பலின் எஞ்சினை நிறுத்தி, ஹெட்ஃபோனைக் காதில் அழுத்திக் கொள்வாள். முதலில் வெறும் இரைச்சல். டாக்டர்களின் பதிவிலும் இப்படித்தான். ஏசி சத்தம், காகிதம் புரளும் சத்தம், இருமல், அதற்கு நடுவில் மருந்தின் பெயர். இரைச்சலோடு சண்டை போடக்கூடாது, அதை ஓட விட்டுவிட்டு அதில் சேராத ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டும். வந்தது. தூரத்தில் ஏதோ ஒரு கப்பலின் சுழலி தண்ணீரைக் கடையும் சத்தம். கொஞ்சம் நகர்வாள், மறுபடி நிறுத்திக் கேட்பாள். சத்தம் அதே திசையில் நின்று கனத்துக்கொண்டே போனால் தன்னை நோக்கி வருகிறது என்று பொருள். தண்ணீருக்குள்ளேயே பாய்கிற டார்பிடோ குண்டு பெரிய அலையில் மேலே துள்ளிவிடும் என்பதால் அதை ஆழமாக ஓட விட்டாள். கண்ணால் பார்க்காத கப்பலை அப்படித்தான் அடித்தாள். ஒன்றில்லை, அந்தப் புயல் முழுக்க.

வெடிச் சத்தம் காதில் விழுந்த முதல் தடவை அவள் நாற்காலியைவிட்டு எழுந்து கையைத் தட்டினாள். வீட்டில் யாரும் இல்லை. அது நல்லதாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

அருள்முருகனின் கணினியில் விளையாடுவதெல்லாம் தானாகவே பதிவாகும். அது அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். எடுத்தான், தன் குரலை ஒட்டினான், தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

“அண்ணி!” அருள்முருகன் உள்ளறையிலிருந்து வந்தான். “பாத்தீங்களா? நம்ம சேனல்ல இதுவரைக்கும் இப்பிடி ஒண்ணு ஓடினதே இல்ல. ஒரே ஒரு ஹெல்ப்பு வேணும். நாளைக்கு சாயந்தரம் லைவ் போட்டுருக்கேன்.”

“போடு.”

“கமெண்ட்ல ஒருத்தன் ஏத்தி வுட்டுட்டான். ‘வெட்டி ஒட்டின வீடியோ, தைரியம் இருந்தா அதே புயல்ல லைவ்ல அடிச்சிக் காட்டு’ன்றான். நீங்க எம் பக்கத்துல உக்காந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கங்க. கேமராவுல தெரிய மாட்டீங்க. சத்தம் எந்தப் பக்கம்னு டேபிளுக்கு அடியில வெரலால காட்டினா போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்.”

டேபிளுக்கு அடியில். வினோதாவுக்குக் காது மடல் சுட்டது. கரண்டியை அவன் மேல் எறிந்தால் தொப்பி போடுகிற இடத்தில் சரியாகப் படும் என்று தோன்றியது. எறியவில்லை.

“வீராயி யாரு தம்பி?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் சிரித்தான். “அது ஒரு வேகத்துல வந்துடுச்சு அண்ணி. மார்க்கெட்ல மீன் விக்கற அத்தைன்னா சொல்ல முடியும்? கெத்தா இருக்காதுல்ல.”

“நான் ஓட்டினேன்னு சொல்லலாமில்ல?”

“அய்ய, பொம்பளைங்க பேரை எல்லாம் அதுல எதுக்குப் போடணும்?” நிர்மலாதேவி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “கண்டவன் கண்டதை எழுதுவான். குடும்பத்துக்குள்ள உன்னுது என்னுதுன்னு இன்னா பேச்சு? உம் புருஷன் தம்பிதானே.”

“குலதெய்வம்னு பொம்பளை பேரைத்தானே அத்தை போட்டான்?”

நிர்மலாதேவி ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினாள். டிவியில் அருள்முருகன், “காதைத் தீட்டி வெச்சிக்கங்க மக்களே, இது அனுபவத்துல வர்றது,” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் திரையில் சுட்டி நடுங்கியது. அவளுடைய கை நடுக்கம் அது. அந்த நிமிடத்தில் தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. அதைக்கூட விட்டுவைக்கவில்லையே பாவி.

வண்டியை நிறுத்திவிட்டு அவள் கணவன் கோபிநாத் உள்ளே வந்தான். மூன்று முகங்களையும் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே விஷயத்தைக் கேட்டான்.

“வுடு வினோ. சின்னப் பையன், ஏதோ ஆர்வத்துல பண்ணிட்டான்.”

“உங்களுக்கு ரெண்டு வயசுதான் சின்னவன்.”

“சரி, தப்புதான். டேய், தப்புன்னு சொல்றா.”

“சாரி அண்ணி,” என்றான் அருள்முருகன் உடனே. அவ்வளவு சுலபமாக வந்தது அது. “அப்ப நாளைக்கு ஆறு மணிக்கு ரெடியா இருங்க.”

கோபிநாத் அவள் தோளில் கை வைத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “கெளம்பு. பீச் ரோட்டுக்குப் போயிட்டு வரலாம். உனக்குப் பிடிச்ச எடத்துல ஐஸ்கிரீம் சாப்புட்டு, கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்தா எல்லாம் சரியாயிடும்.”

வினோதா அவன் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம். காதலித்த முகம். கல்யாணமான நாளிலிருந்து இந்த முகம் அவளை எத்தனையோ தடவை கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறது. அம்மாவின் நாற்காலியைக் கழுவிய அன்று போனார்கள். வீட்டு விசேஷத்துக்கு அம்மாவை மட்டும் கூப்பிடாமல் விட்ட அன்றும் போனார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு பளிச்சென்று இருக்கும். யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வெளுத்த வானத்தை நம்பிக் காபி போட்டிருக்கிறாள்.

எல்லாரும் அப்படித்தான் பண்ணுகிறார்கள்.

அவள் மேல் அவளுக்கே வந்த கோபம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. அது நெஞ்சில் ஏறி, கொதித்து, பிறகு கீழே இறங்கியது. அணையவில்லை. அலை எட்டாத ஆழத்துக்குப் போய் நின்றுகொண்டது. அங்கிருந்து எல்லாம் துல்லியமாகக் கேட்டது: மாமியாரின் வளையல், அருள்முருகன் அவள் பதிலுக்காகக் காலாட்டும் சத்தம், கோபிநாத்தின் விரலில் ஆடும் வண்டிச் சாவி.

தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்து அவனிடமே கொடுத்தாள்.

“கப்பல் புயலுக்குள்ளதான் நிக்குது, தம்பி,” என்றாள் அருள்முருகனிடம். “கம்ப்யூட்டர் உன்னுது. ஓட்டிக்கோ. நான் பக்கத்துல உக்கார மாட்டேன்.”

“அண்ணி, அஞ்சு நிமிஷம்...”

“மாட்டேன்.”

“வினோ, மொதல்ல வா, பீச்சுக்குப் போயிட்டு வந்து பேசிக்கலாம்,” என்றான் கோபிநாத்.

“இல்லீங்க. எனக்குக் காத்து வேணாம்,” என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. “நான் வரல.”